நவஹோ வகுப்பறையிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

செங்குன்றத்தான்:

நண்பர்களே, பி.எட். மாணவர்களுக்கு அடுத்த வாரம் "பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல்" பற்றி வகுப்பெடுக்க வேண்டும். ஒரே வகுப்பில் வெவ்வேறு தாய்மொழிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் என்ன செய்வது என்பதுதான் பாடம். குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், ஜெனீவா கே என்று கோட்பாட்டாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரு மக்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வழியாகச் சொல்லலாம் என்று அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர்கள் தங்களை டினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது அவர்களுடைய நிலம்.

1968இல் அவர்கள் சொந்தமாகத் தொடங்கிய கல்லூரி இன்று டினே கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. அதன் கல்விக் கொள்கை நான்கு திசைகளை வைத்து அமைந்தது. கிழக்கு சிந்தனை, தெற்கு திட்டமிடல், மேற்கு வாழ்ந்து செய்து பார்த்தல், வடக்கு செய்ததைத் திரும்பிப் பார்த்து உறுதி பெறுதல். ஒவ்வொரு திசைக்கும் ஒரு புனித மலை, ஒரு நிறம். பாடத் திட்டம் எழுதுவதற்கு எவ்வளவு அழகான சட்டகம்! இதை ஒரு வரைபடமாக்கி வகுப்பில் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்று, அவர்கள் தங்களைக் குலம் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கம். முதல் நாள் வகுப்புக்கு நல்ல செயல்பாடாக இருக்கும். குளிர்காலக் கதைகளையும் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

தம்பி, ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் கிழக்கு எது, வடக்கு எது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி நடத்தியவன் சொல்கிறேன். பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது வீட்டில் கிடைக்காததைக் கற்றுக்கொள்வதற்காக. வீட்டில் இருப்பதையே பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை எப்போது ஆங்கிலம் கற்று வேலைக்குப் போவது? நவஹோப் பெற்றோரும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

நூலகப்பூனை:

தலைமையாசிரியர் ஐயா சொல்வதை அமெரிக்க அரசு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் செய்தே பார்த்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் நான்கு திசைப் படத்தை மட்டும் சுவரில் ஒட்டினால் மாணவர்களுக்கு ஒன்றும் புரியாது.

1864இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களை வீடு, தோட்டம், ஆடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே ஒரு வறண்ட முகாமுக்குக் கொண்டு போனது. பசியிலும் நோயிலும் ஏராளமானவர்கள் இறந்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சொந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. அந்த ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஆறு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரை அரசு தரும். ஆக, பள்ளிக்கூடம் அவர்களிடம் வந்ததே தோற்றவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில்தான்.

பிறகு வந்தவை விடுதிப் பள்ளிகள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள், முடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியதாகச் சொன்ன முதியவர்கள் நிறைய. 1928இல் அரசுக்காகத் தயாரான மெரியம் அறிக்கையே இந்த விடுதிகளைக் கடுமையாகக் கண்டித்தது. 1942இல் அதே அரசின் கடற்படைப் பிரிவு, ஜப்பானியர்களால் உடைக்க முடியாத ரகசியக் குறியீட்டுக்காக நவஹோ இளைஞர்களைத் தேடி வந்தது. முதல் அணியில் 29 பேர். எந்த மொழிக்காக அடி வாங்கினார்களோ, அந்த மொழிக்காகவே அழைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு பள்ளியில் தேறியவர்கள் பெருகினார்களா என்றால், இல்லை. அதனால்தான் 1966இல் அரிசோனாவில் ரஃப் ராக் பள்ளி வந்தது. பழங்குடிச் சமூகமே அரசோடு ஒப்பந்தம் போட்டு எடுத்து நடத்திய முதல் பள்ளி அது. நிர்வாகக் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத உள்ளூர்ப் பெரியவர்கள்; கூட்டம் நடந்தது நவஹோ மொழியில். விடுதியில் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் முறை வைத்துத் தங்கி, மாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். பள்ளி தனக்கு வேண்டிய நவஹோ நூல்களைத் தானே எழுதி அச்சிட்டது.

செங்குன்றத்தான், உங்கள் மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது அந்த நிர்வாகக் குழுவைத்தான். நான்கு திசைகளைப் பிறகு பார்க்கலாம். முடிவெடுப்பது யார் என்பது மாறியது, அதனால்தான் மற்றவை மாறின.

அரிசோனாவாசி:

நவஹோ நிலத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். புத்தகத்தில் வராத சிலவற்றைச் சொல்கிறேன்.

குல அறிமுகம் எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் தாயின் குலம், ஏனென்றால் பிள்ளை அதைச் சேர்ந்தது. பிறகு தந்தையின் குலம், அடுத்துத் தாய்வழித் தாத்தாவின் குலம், கடைசியில் தந்தைவழித் தாத்தாவின் குலம். அறுபதுக்கும் மேற்பட்ட குலங்கள் இருக்கின்றன. ஒருவர் சொல்லி முடித்ததும் கேட்பவர் மனத்தில் கணக்குப் போட்டு, "அப்படியானால் நீ எனக்குத் தம்பி முறை" என்று உறவைப் பிடித்துவிடுவார். என் வகுப்பில் ஒரு பையன், தன் தந்தையின் குலத்தில் பிறந்தவள் என்பதால், தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியைப் பாட்டி முறை வைத்துக் கூப்பிடுவான். பாதி கேலி, பாதி மரியாதை. ஆனால் குழு வேலையில் அவளை ஒருநாளும் தனியே விட மாட்டான்.

ஆசிரியரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். குலம் இல்லாத வெளியாள் தன் தாயின் ஊர், தந்தையின் ஊர், அவர்களுடைய பெற்றோரின் ஊர் என்று சொன்னால் போதும். அதையே பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள். நான் மதுரை, தேனி என்று தொடங்கியதும் "அங்கே ஆடு இருக்கிறதா?" என்றுதான் முதல் கேள்வி வந்தது.

பெரியவரிடம் பேசும்போது கண்ணுக்கு நேராகப் பார்க்காமல் இருப்பது பல குடும்பங்களில் மரியாதை. வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் இதைக் கவனமின்மை என்று குறித்து வைத்துவிடுவது உண்டு. நாலு பேர் நடுவே ஒருவனை எழுப்பிப் பாராட்டினாலும் அவனுக்கு அது தண்டனைதான். அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னால் முகம் மலரும்.

போன ஆண்டு பக்கத்து ஊரிலிருந்து ஒரு நெசவுக்காரப் பாட்டியை அழைத்தோம். சிறிய தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. அவர் கையில் வரைபடமும் இல்லை. பாவு நூல்களை விரலால் எண்ணிக்கொண்டே நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு முக்கோணத்தை வளர்த்துக்கொண்டு போனார். ஒரு வரியில் இரண்டு நூல் தவறியது. பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் பார்த்தார்கள். அப்புறம் ஒரு பெண், "ஒவ்வொரு வரிக்கும் இந்தப் பக்கம் ஒன்று குறைந்தால் அந்தப் பக்கமும் ஒன்று குறைகிறது" என்றாள். நான் கரும்பலகையில் எழுத நினைத்த சமச்சீர்ப் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. பாட்டி தலையசைத்தார், அவ்வளவுதான்.

குளிர்காலக் கதைகள் பற்றி: கயோட்டி என்ற ஓநாய் போன்ற காட்டு நாயைப் பற்றிய கதைகளைப் பாம்பும் கரடியும் உறங்கும் குளிர்காலத்தில்தான் சொல்வார்கள். கயிற்று விளையாட்டும் அப்படித்தான். புதிதாக வந்த ஓர் ஆசிரியர் வடிவியலுக்குக் கயிற்று விளையாட்டை வைத்துக்கொள்ளலாம் என்று மே மாதத்தில் நூல் கண்டோடு வந்தார். நவஹோ உதவி ஆசிரியை அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "பனி விழட்டும்" என்றார். இப்போது அந்தப் பாடம் டிசம்பரில் வருகிறது. எனவே, தங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கயோட்டிக் கதை சொல்லும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை:

நீலகிரிப் பக்கம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் இருக்கிறேன். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். செங்குன்றத்தான் அவர்களே, குல அறிமுகத்தை இங்கே எந்த வகுப்பிலும் செய்துவிடாதீர்கள். நவஹோ குலங்களுக்குள் மேல், கீழ் கிடையாது. யார் உறவு, யாரை மணக்கக் கூடாது என்பதற்குத்தான் அது. நம் ஊரில் முதல் நாள் வகுப்பில் "உன் குலம் என்ன?" என்று கேட்டால், பிள்ளைகள் காதில் விழுவது "உன் சாதி என்ன?" என்பதுதான். முதல் வரிசைப் பிள்ளை உரக்கச் சொல்லும். கடைசி வரிசைப் பிள்ளை அடுத்த நாள் வராது. ஊர் பெயர்கூட இங்கே சில சமயம் சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். அரிசோனாவாசி அங்கே சொல்லலாம், நாம் இங்கே யோசித்துத்தான் கேட்க வேண்டும்.

செங்குன்றத்தான்:

அம்மா, இது நியாயம். அந்தச் செயல்பாட்டை நீக்கிவிட்டேன். ஆனால் அப்படிப் பார்த்தால் எதையும் இங்கே கொண்டுவர முடியாதே. பிறகு எதற்கு நவஹோ? "நவஹோப் பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், எதையும் பிரித்துப் பார்க்காமல் முழுமையாகச் சிந்திப்பவர்கள், பேச மாட்டார்கள்" என்று கற்றல் பாணியாகவாவது சொல்லலாமா? பல பயிற்சிக் கையேடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

நூலகப்பூனை:

அந்த வாக்கியத்தைத்தான் தூக்கி எறிய வேண்டும்.

ஹவாயில் கமேஹமேஹா என்ற பெயரில் ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் நடந்தது. ஹவாய்ப் பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லை என்ற நிலையில், அவர்கள் வீட்டில் பழகும் விதத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த நாலைந்து பேர் குழு, ஒருவர் பேசும்போதே இன்னொருவர் இடைபுகுந்து பேசும் கதை விவாதம், ஆசிரியரின் வெளிப்படையான பாராட்டும் கண்டிப்பும். நன்றாகவே பலித்தது. 1983இல் இதே முறையை ரஃப் ராக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே அது அப்படியே எடுபடவில்லை. நாலைந்து பேர் கலந்த குழுவில் உட்கார வைத்தால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையைத் தனியாகச் செய்தது. ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் இரண்டிரண்டு, மும்மூன்று பேராகப் பிரித்த பிறகுதான் ஒருவருக்கொருவர் உதவினார்கள். கதையைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பேச விரும்பினார்கள். பேசினால் நீளமாகப் பேசினார்கள், மற்றவர்கள் முடியும் வரை காத்திருந்தார்கள். உரக்கப் பாராட்டுவது பற்றி அரிசோனாவாசி சொன்னது அப்போதும் தெரியவந்தது. ஓர் ஊரில் பலித்த "பண்பாட்டுக்கு இசைந்த" முறை இன்னோர் ஊரில் இசையவில்லை, ஊருக்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் உங்கள் கையேட்டுக்காரர்கள் வெற்றி பெற்றிருப்பார்கள். ஆனால் 1991இல் தெரசா மெக்கார்ட்டியும் ரஃப் ராக்கிலேயே பணிபுரிந்த நவஹோ ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர் வாழ்க்கையை வைத்து, பிள்ளைகளையே விடை தேடச் சொல்லும் ஒரு சமூக அறிவியல் பாடத் திட்டம். நவஹோவிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. "பேசாத" பிள்ளைகள் அதில் கையை உயர்த்தி, ஊகித்து, வாதாடினார்கள். அதாவது, அவர்கள் மௌனமாக இருந்தது பிறவிக் குணத்தால் அல்ல. கேட்ட கேள்விகளுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதால்தான். ஆரம்பத்தில் மரியாதையாகத் தோன்றும் "இவர்கள் பேசமாட்டார்கள்" என்ற எண்ணம், போகப் போக "இவர்களிடம் கடினமான கேள்வி கேட்க வேண்டாம்" என்று மாறிவிடும். கடைசியில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்தான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

சரி, விடுதிக் கொடுமையை நான் ஆதரிக்கவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்கைக் காட்டுங்கள். தாய்மொழியில் தொடங்கினால் ஆங்கிலம் பின்தங்குமா, தங்காதா? உணர்ச்சிப் பேச்சு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கிரகணத்தின்போது நவஹோ மக்கள் வெளியே வரமாட்டார்களாமே. அறிவியல் ஆசிரியர் அதற்கும் தலையாட்ட வேண்டுமா?

அரிசோனாவாசி:

கிரகணத்துக்கு நான் பதில் சொல்கிறேன், கணக்குக்கு நூலகப்பூனை வரட்டும்.

2023 அக்டோபர் 14 அன்று வளையச் சூரிய கிரகணம். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் எங்கள் பக்கம் குவிந்தார்கள். ஆனால் நவஹோ அரசு மான்யுமென்ட் வேலி பூங்காவை அந்த நேரத்தில் மூடிவிட்டது. வீட்டுக்குள் இருக்க வேண்டும், சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, உறங்கக் கூடாது, அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார்களிடம் சொன்னால் ஒரு விளக்கமும் கேட்க மாட்டார்கள்!

எங்கள் அறிவியல் ஆசிரியர் என்ன செய்தார் என்றால், நிலவின் பாதை, நிழலின் கூம்பு, ஏன் சில சமயம் வளையமாகத் தெரிகிறது என்பதையெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில் விளக்கும் பந்தும் வைத்து நடத்திவிட்டார். கிரகணப் படங்களைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் மறுத்த பிள்ளைகளுக்குப் படங்கள் இல்லாத தாள் தந்தார். தேர்வில் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்க வைத்தால்தான் அறிவியல் என்று ஒன்றும் இல்லையே ஐயா. சுற்றுப்பாதை ஏன் சற்றே சாய்ந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறைக்கவும் கூடாது. எல்லா நவஹோக் குடும்பமும் ஒரே மாதிரி இல்லை. கிறித்தவக் குடும்பங்கள் நிறைய. சடங்கு சார்ந்தவற்றைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் உண்டு. மரபைப் பின்பற்றுபவர்களிலும் சிலர், "அதைச் சொல்ல வேண்டியவர் தாத்தா, ஆசிரியர் இல்லை" என்பார்கள். பண்பாடு என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்க முடியாது.

நூலகப்பூனை:

ஐயா கேட்ட கணக்கு இதோ. அரிசோனாவிலேயே ராக் பாயிண்ட் என்ற ஊர். 1971 வாக்கில் அங்கே முழு இருமொழித் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் முதலில் நவஹோவில் படிக்கக் கற்றார்கள். ஆங்கிலம் பேசப் பழகுவது ஆரம்பத்திலிருந்தே நடந்தது. ஆங்கிலத்தில் வாசிப்பது இரண்டாம் வகுப்பில் சேர்ந்தது. தொடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மேல் வகுப்புக்குப் போகப் போக, ஆங்கிலத்தில் மட்டுமே படித்த அதே போன்ற நவஹோப் பிள்ளைகளை ஆங்கில வாசிப்புத் தேர்விலேயே அவர்கள் தாண்டிவிட்டார்கள்.

இரண்டாவது, அரிசோனாவிலேயே ஃபோர்ட் டிஃபையன்ஸ் என்ற ஊர். இங்கே நிலைமை தலைகீழ். 1970 வாக்கில் பள்ளிக்கு வரும் நவஹோப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் நவஹோ பேசினார்கள். 1990களின் தொடக்கத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள். ஒரு தலைமுறையில் இவ்வளவு! இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே 1986இல் இங்கே தொடங்கிய மூழ்கல் வகுப்பு, அதாவது பாடத்தையே பெரும்பாலும் நவஹோவில் நடத்தும் வகுப்பு, மொழி தெரியாத நவஹோப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையைச் சேர்க்கும்போதே, வீட்டில் ஒரு பெரியவர் தினமும் அதனோடு நவஹோவில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான்காம் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தார்கள், கணிதத்தில் முன்னே. ஆங்கிலத்தில் மட்டும் படித்த பிள்ளைகளோ, மழலையர் வகுப்பில் தங்களுக்குத் தெரிந்திருந்த நவஹோவையும் இழந்திருந்தார்கள்.

செங்குன்றத்தான், உங்கள் பாடமே வெவ்வேறு தாய்மொழிப் பிள்ளைகளைப் பற்றியது அல்லவா? ஒரே நவஹோ வகுப்பில் பாட்டியிடம் வளர்ந்து நவஹோ நன்றாகப் பேசும் பிள்ளை, கேட்டால் புரிந்தும் பேச வராத பிள்ளை, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். "நவஹோப் பிள்ளை, எனவே நவஹோ தெரியும்" என்று எடுத்துக்கொண்டால் கடைசிப் பிள்ளைக்கு அவமானம். பெரியவர்களுக்கே இந்தப் புண் உண்டு. 2014இல் நவஹோ அரசின் தலைவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் மொழி சரளமாக வராததால் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தி, சரளமா இல்லையா என்பதை வாக்காளர்களே முடிவு செய்யட்டும் என்று விதியை மாற்றினார்கள்.

மலைப்பள்ளி ஆசிரியை:

இந்த மூன்று வகைப் பிள்ளைகளும் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். இருளர் வீட்டுப் பிள்ளை ஒன்று, அம்மா வந்தால் இருள மொழியில் பேசும். என் முன்னால் பேசச் சொன்னால் தலை குனியும். எங்கள் விடுதிக்கு மாலையில் ஒரு பாட்டியை வரவழைத்துக் கதை சொல்ல வைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ரஃப் ராக் பற்றிப் படித்ததும் அதைத்தான் முதலில் செய்யத் தோன்றியது.

செங்குன்றத்தான்:

வகுப்பை மாற்றி அமைத்துவிட்டேன். நான்கு திசைப் படம் இருக்கும், ஆனால் அது டினே கல்லூரியின் கொள்கை என்று பெயரோடு மட்டும் காட்டுவேன். நம் பாடத் திட்டப் படிவமாக மாற்றப்போவதில்லை. ரஃப் ராக்கில் ஹவாய் முறை எடுபடாமல் போனதையும் பிறகு பிள்ளைகள் பேசியதையும் அடுத்தடுத்து வைக்கிறேன். பயிற்சியாக என்ன கொடுக்கலாம்?

நூலகப்பூனை:

நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரு கதையைக் கொடுங்கள். பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்டு ஒருமுறை, முழுதும் படித்துவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிட்டு ஒருமுறை, பயிற்சிக்குப் போகும் பள்ளியில் இரண்டு விதமாகவும் நடத்தட்டும். யார் யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள், ஆசிரியர் கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருந்தார் என்று குறித்து வரட்டும். எந்தப் பிள்ளை எந்த வகை என்று முத்திரை குத்தாமல் குறிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

ராக் பாயிண்ட் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அது என் அனுபவத்துக்கு எதிராக இருந்தாலும். இன்னும் ஒரு சந்தேகம். அங்கே நவஹோவில் பாடம் நடத்த ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நம் மலைப்பள்ளிகளில் பெரிய தடை அதுதானே. பாடநூலை எழுதிவிடலாம், நடத்துவதற்கு ஆள்?

அரிசோனாவாசி:

உள்ளூர்க்காரர்களையே எடுத்தார்கள் ஐயா. முதலில் பட்டம் இல்லாத உதவியாளர்களாக வகுப்புக்குள் வந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே, பள்ளிக்கே வந்து நடந்த கல்லூரி வகுப்புகளில் படித்துப் பட்டம் பெற்றார்கள். எங்கள் பள்ளியின் அந்த உதவி ஆசிரியையும் இப்போது அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறார், பகலில் வகுப்பு, இரவில் பாடம். சம்பளத்தோடு படிப்புச் செலவையும் யார் தருவது என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் இழுபறி.